சிரிப்பு எதை மறைக்கிறது?

இத்தாலியின் மிலான் நகரில், பங்குச் சந்தைக் கட்டடத்தின் முன்னால் ஒரு பளிங்குக் கை நிற்கிறது. மௌரிசியோ கத்தலான் என்ற கலைஞர் 2010இல் நிறுவியது. நடுவிரல் மட்டும் நிமிர்ந்திருக்க, ஏனைய விரல்கள் துண்டிக்கப்பட்டுள்ளன. பாசிசவாதிகளின் கைநீட்டும் வணக்கம் இப்போது வசைச் சைகையாகிவிட்டது. 2008 நிதி நெருக்கடியில் நொந்திருந்த மக்கள், அது பணமுதலைகளுக்கான வசை என்று சிரித்தார்கள். ஆனால் அந்தச் சைகை கட்டடத்தை நோக்கியதல்ல. சதுக்கத்தில் நிற்பவர்களை நோக்கியது. அப்படியானால் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

சிலை வடிப்பதில் எமக்கு மார்க்க ரீதியான தயக்கம் உண்டு. ஆயினும் பரிகாசம் பற்றிய கேள்வி எமக்கும் உரியதே. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை சூரா ஹுஜுராத் தடுக்கிறது. மனிதரை இழிவாக எண்ணுவதுதான் அங்கே குற்றம். கத்தலானின் கேலியோ எந்த மனிதரையும் சுட்டவில்லை. ஓர் அதிகாரத்தின் தோரணையைச் சுட்டுகிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை.

எங்கள் ஊவாவுக்கு வருவோம். அப்புத்தளைக்கு அப்பால் லிப்டன் சீட்டில், கையில் தேநீர்க் கோப்பையுடன் சேர் தோமஸ் லிப்டன் சிலையாக அமர்ந்திருக்கிறார். 1890இல் தம்பேத்தன்ன தோட்டத்தை வாங்கியவர். சுற்றுலா வருவோர் பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடித்துச் சிரிக்கிறார்கள். யாரையும் புண்படுத்தாத சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பில் துரை தோழராகிவிடுகிறார். நிறை குறைந்தால் அரைப்பேர் என்று கணக்கெழுதும் வழக்கமும், 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றோராயிருந்த வரலாறும் அந்தப் படத்தில் விழுவதில்லை. ஆகவே பரிகாசம் புண்படுத்துவதால் மட்டும் பிழையாவதில்லை. வேடிக்கை, மறைப்பதாலும் பிழையாகலாம்.

பக்கத்தில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் சிலையையும் வைத்தால் சரியாகிவிடுமா? அவளோடும் படம் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மிலானின் விரலுக்கும் அதே கதிதான். சில காலத்துக்கென வைக்கப்பட்டது, இன்று ஊர் பார்க்க வருவோரின் காட்சிப்பொருள். அதிகாரம் கேலியையும் செரித்துக்கொள்கிறது.

எனவே பொறுப்பு கல்லில் இல்லை, பார்ப்பவரிடம் இருக்கிறது. ஒரு கோப்பைத் தேநீருக்குச் சுமார் இரண்டு கிராம் தூள். அதற்கு எட்டுப் பத்துக் கிராம் பச்சைக் கொழுந்து வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு இது. சிரித்து முடித்தபின் அதைச் செய்து பார்ப்பவரின் சிரிப்பில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை.