பூனையின் நாவும் கதையின் பொருளும்

ஒரு கதையை நாம் பெரிதும் விரும்புகின்றோம் என்பதனால், அதில் நாம் கண்ட பொருள் ஒன்றே பொருள் என்று சாதிக்கும் உரிமை நமக்கு உண்டாகுமா? சிறியதாகத் தோன்றும் இவ்வினா ஒரு வீட்டின் அமைதியையே குலைக்க வல்லது. என் வீட்டில் குலைத்தது.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 1999-இல் தொடங்கப்பெற்ற டூன்ஸ் நிறுவனம், தெனாலி இராமன் கதைகளைக் கார்ட்டூன் தொடராக ஆக்கிற்று. 2003-இல் அது கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சியில் வந்தது. கரமனை அக்கிரகாரத்தில் பாட்டிமார் வாயால் கேட்டுவந்த விகடகவி, எங்கள் நகரிலேயே வரையப்பெற்று எங்கள் கூடத்திற்கு வந்து சேர்ந்தான். சிறுவர் மயங்கினர், முதியோரும் மயங்கினோம். படத்தில் கண்டது போதாமல், ஏழு வயதுப் பேத்தி மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து மேலும் கதை கேட்பாள்.

ஒரு நாள் பூனைக் கதையைச் சொன்னேன். எலித்தொல்லை நீங்க, வீட்டுக்கொரு பூனைக்குட்டியும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் கிருஷ்ணதேவராயர் வழங்கினார். இராமனோ முதல் நாளே கொதிக்கும் பாலை வைத்தான். சூடுபட்ட குட்டி அதன்பின் பாலைக் கண்டாலே ஓடிற்று. பாலை வீட்டார் பருகினர். சொல்லி முடித்து யான் சிரித்தேன். குழந்தை சிரிக்கவில்லை. “தாத்தா, பூனைக்கு நாக்கு வெந்திருக்குமே?” என்றாள். “கதை புரியாமல் பேசாதே, அவன் சாமர்த்தியத்தைப் பார்” என்று கடிந்தேன். அரசு அலுவலகத்தில் பணியாற்றும் என் மகன் இடையிட்டு, “அப்பா, இக்கதை ஆணையிட்டவரைப் பற்றியது. பால் குடித்துக் கொழுத்த பூனை எலி பிடிக்குமா? அதை எண்ணாமல் ஆணையிட்டாரே!” என்றான். அவனையும் மறுத்தேன். அதன்பின் பல நாள் குழந்தை திண்ணைக்கு வரவில்லை.

யான் பிழைத்தது எங்கே? ஏழைக் கவியின் பக்கம் நின்று யான் கதையைக் கண்டேன். மகன் அரசரின் ஆணையைக் கண்டான். குழந்தை குட்டியைக் கண்டாள். மூவரும் அக்கதையில் உள்ளவரே. ஒருவர் கண்ட பொருளைத் தள்ளும்போது, கதையில் வாழும் ஓர் உயிரையும் உடன் தள்ளிவிடுகின்றோம். வாயில்லாப் பிராணியின் துன்பத்தை, ஐம்பது ஆண்டுகளாக அக்கதையைச் சொல்லிவந்த யான் ஒருமுறையும் எண்ணியதில்லை.

கருத்து வேற்றுமையைப் பேசுவோர் யானையைத் தடவிய பார்வையற்றோரை எடுத்துக்காட்டுவது வழக்கம். உதானம் என்னும் பாலி நூலில் வரும் அக்கதையில், யானை முழுவதையும் காணும் அரசன் ஒருவன் இருக்கின்றான். வாய்மொழிக் கதைக்கு அத்தகைய அரசன் இல்லை. தெனாலி இராமகிருஷ்ணரையே நோக்குக: தெலுங்குப் புலவர்க்கு அவர் பாண்டுரங்க மாகாத்மியம் பாடிய பெருங்கவிஞர், பாமரர்க்கு அவர் நகைச்சுவையாளர். கதைகளைப் படமாக்கியோரும் தாம் கண்ட இராமனையே வரைந்தனர். முழுதும் கண்டவர் எவருமிலர். ஆதலின் ஒருவர் கண்டதை மற்றவர் கேட்டறிதலன்றி வேறு வழியில்லை.

“அங்ஙனமாயின் எவரும் எதையும் சொல்லலாமோ?” என்று வினவுவோர் இருப்பர். சொல்லலாகாது. இராமன் ஆறிய பாலைத்தான் வைத்தான் என்பது பொருள் வேற்றுமை அன்று, பிழை. கதையின் நிகழ்ச்சிகள் எல்லார்க்கும் பொதுவான கரை. அதற்குள்ளேதான் பொருள் என்னும் ஆறு ஓடவேண்டும். மேலும், பிறர் கருத்துக்கு இடந்தருதல் என்பது எல்லாவற்றிற்கும் தலையசைத்தல் அன்று. எளிய உயிரின் வேதனையைக் கண்டு நகைக்கும் பொருளை வினவத்தான் வேண்டும். என் பேத்தி செய்தது அதுவே. அவள் வினாவுக்கு இடமில்லாத திண்ணையில் என் தவறு எனக்குத் தெரிந்திருக்கவே முடியாது.

பொருளிலும் சொல்லிலும் துறவியர் வேறுபடுமிடத்துச் செய்யத்தக்கதை மஜ்ஜிம நிகாயத்துக் கிந்தி சூத்திரத்தில் புத்தர் பெருமான் விளக்குகின்றார். இரு திறத்தாருள்ளும் எடுத்துச் சொன்னால் கேட்கக்கூடியவரை நாடி முதலில் அவரிடம் பேசுக என்பது அவர் காட்டும் நெறி. எங்கள் திண்ணையில் அத்தகையவர் வயதில் மூத்த யானாக இருந்திருத்தல் வேண்டும்; அவ்வாறு இருக்கவில்லை. சில நாள் கழித்து, “நீ சொன்னது சரிதான், அதன் நாக்கு வெந்துதான் போயிருக்கும்” என்று அவளிடம் சென்று சொன்னேன். மறுநாள் மாலை அவள் திண்ணைக்கு வந்தாள்.

அச்சிறுமி இன்று ஒரு மகனுக்குத் தாய். அக்கதையை அவனுக்கு அவளும் சொல்கின்றாள், மறைக்கவில்லை, மாற்றவுமில்லை. கொதிக்கும் பாலை வைக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, “இப்போது யாரைப் பற்றி நினைக்கிறாய்?” என்று கேட்கின்றாள். அவன் ஒரு நாள் இராமன் என்பான். ஒரு நாள் பூனை என்பான். ஒரு நாள் பசு என்றான். பசுவின் கன்றுக்குப் பால் கிடைத்ததா என்பது அவன் கவலை. அதையும் யான் எண்ணியதில்லை.

அன்பர்களே! நாம் விரும்பும் கதையைப் பிறர் வேறு விதமாக விரும்பினால் வருந்தற்க. நாம் காணத் தவறிய ஓர் உயிரை அவர் கண்டிருத்தல் கூடும். முதலில் கேளுங்கள், பிறகு வாதிடுங்கள்.