குறுகிய வழியும் நெடிய கனவும்

ஆண்டுதோறும் கோடையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், நம் நாட்டின் லட்சக்கணக்கான இல்லங்களில் ‘இனி என்ன படிப்பது?’ என்ற ஒரே கேள்வி எழுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பிழைப்பைப் பற்றிய கேள்வி. ஆழ்ந்து நோக்கினால், கடமை எது, ஆசை எது, தியாகம் எது என்னும் பழைய கேள்விகளே அங்கு வந்து நிற்பதைக் காணலாம்.

நாகபுரியில் ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை இல்லை. தாய் தையல் தொழிலை நம்பிக் குடும்பத்தை நடத்துகிறார். மகன் சிறு வயது முதலே இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதில் மகிழ்பவன். தாயின் தையல் இயந்திரம் பழுதானால் அவனே சரிசெய்து விடுவான். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இயந்திரப் பொறியியல் படிக்க அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதற்கு நான்கு ஆண்டுகள், விடுதிச் செலவு, வங்கிக் கடன். மறுபுறம், வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே மூன்றாண்டு பி.சி.ஏ. படித்தபடியே மாலையில் ஒரு வேலைக்கும் போகலாம். தங்கை பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவன் எதைத் தேர்ந்தெடுப்பது?

எளிய பதில்கள் போதுமா?

‘கனவைக் கைவிடாதே’ என்பர் சிலர். ‘குடும்பம்தான் முதலில்’ என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே பாதி உண்மைகள். முதல் அறிவுரையைக் கூறுபவர் அந்தக் கனவுக்கான விலையைத் தருபவர் யார் என்று கேட்பதில்லை. இரண்டாவதைக் கூறுபவர், விருப்பமற்ற தொழிலில் முப்பது ஆண்டுகள் உழலும் மனிதனால் குடும்பத்திற்கு எத்தகைய மகிழ்ச்சியைத் தர முடியும் என்று எண்ணுவதில்லை.

கடோபநிஷதத்தில் யமதர்மன் நசிகேதனுக்கு இரு பாதைகளை எடுத்துரைக்கிறான். ஒன்று சிரேயஸ், அதாவது நன்மை தருவது; மற்றொன்று பிரேயஸ், அதாவது அப்போதைக்கு இன்பம் தருவது. விவேகி முன்னதைத் தேர்ந்தெடுக்கிறான். இந்த உபதேசத்தை நம் கேள்விக்குப் பொருத்தும்போது பலரும் ஒரு தவறு செய்கின்றனர். விரைவில் சம்பளம் தரும் படிப்பு பிரேயஸ் என்றும், நீண்ட உழைப்பைக் கேட்கும் கனவுப் படிப்பு சிரேயஸ் என்றும் முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மையில் படிப்பின் பெயரில் சிரேயஸும் இல்லை, பிரேயஸும் இல்லை. தேர்ந்தெடுப்பவனின் உள்ளத்தில்தான் அவை இருக்கின்றன. புகழுக்காகத் தேடப்படும் பொறியியல் பட்டம் பிரேயஸாகவும், தங்கையின் கல்வி தடைபடக்கூடாது என்று மனமுவந்து ஏற்கும் சிறு படிப்பு சிரேயஸாகவும் இருக்கக்கூடும். இதற்கு நேர்மாறாக இருப்பதும் சாத்தியமே.

தன்னைத் தானே கேட்க வேண்டியவை

ஆகவே, எந்தப் படிப்பு உயர்ந்தது என்று ஆராய்வதற்கு முன் இளைஞன் தன்னைச் சில கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது.

‘நான் விரும்புவது அந்தத் தொழிலையா, அல்லது அந்தப் பெயரையா?’ என்பது முதல் கேள்வி. 2024-ஆம் ஆண்டு ஜே.இ.இ. மெயின் தேர்வை 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். அவ்வாண்டு ஐ.ஐ.டி.க்கள் அனைத்திலும் சேர்த்து இருந்த இளநிலை இடங்களோ 18 ஆயிரத்துக்கும் குறைவு. இத்தனை பேரும் இயந்திரங்களையும் பாலங்களையும் மின்சுற்றுகளையும் நேசிப்பவர்களா? அந்தப் பெயர் தரும் மதிப்பை நாடி வந்தவர்களும் அவர்களுள் உண்டு. பட்டத்தின் பெயரை நீக்கிய பின்னும் அந்த வேலை இனிக்குமானால், அது உண்மையான ஈடுபாடு.

‘இதற்கான விலையை யார் தருகிறார்கள்?’ என்பது இரண்டாவது கேள்வி. அப்துல் கலாம் திருச்சியில் இயற்பியல் பட்டம் பெற்ற பிறகுதான், தாம் நாடியது பொறியியலே என்று உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேர அவருக்குப் பணம் இல்லை. அவருடைய தமக்கை தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். தம் சொந்தச் சம்பாத்தியத்திலேயே அவற்றை மீட்பதென்று கலாம் உறுதி பூண்டார். ஒருவரின் கனவு பெரும்பாலும் இன்னொருவரின் கையிலிருந்து கழற்றப்படும் வளையலாகவே தொடங்குகிறது. அதைப் பெறுவது தவறல்ல. பெற்றதை மறப்பதுதான் தவறு.

‘இன்று நான் விடும் கதவு நாளை திறக்குமா?’ என்பது மூன்றாவது கேள்வி. சில கதவுகள் மூடிக்கொள்ளும். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் மட்டுமே எழுத முடியும். வேறு சில கதவுகள் காத்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் டிப்ளமோ பெறலாம். பிறகு வேலை பார்த்துப் பொருள் சேர்த்துக்கொண்டு, பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு. நாகபுரி இளைஞன் கையில் வைத்திருந்த விண்ணப்பங்கள் இரண்டு. அவன் காணாத மூன்றாவது வழி இது. மனம் கலங்கியிருக்கும்போது உலகில் இரண்டே பாதைகள் இருப்பதாகத் தோன்றும். தெளிந்தபின் மற்றவையும் புலப்படும்.

விசுவேசுவரய்யா காட்டிய வழி

நம் நாட்டின் பொறியாளர்களுக்கெல்லாம் முன்னோடியாகப் போற்றப்படும் விசுவேசுவரய்யா இளமையிலேயே தந்தையை இழந்தவர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்த காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே தம் செலவைச் சமாளித்தார். முதலில் அவர் பெற்றது பி.ஏ. பட்டம். அதன் பிறகே மைசூர் அரசின் உதவித்தொகையுடன் புனே சென்று பொறியியல் பயின்றார். 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். அவர் வடிவமைத்த தானியங்கி மதகுகள் 1903-இல் கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் பொருத்தப்பட்டன. முதலில் பெற்ற பி.ஏ. பட்டம் அவரது கனவுக்குத் தடையாகவில்லை, படிக்கட்டாயிற்று.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. புகழின் உச்சியை அடைந்த பிறகு, 1943-இல் பெங்களூரில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவனம் உருவாக அவர் நன்கொடை அளித்தார். விரைவில் கைத்தொழில் கற்றுப் பிழைக்க விரும்பும் இளைஞர்களின் படிப்பை அந்த மாபெரும் பொறியாளர் தாழ்வாகக் கருதவில்லை.

தியாகமும் கணக்கும்

ஒருவேளை மூன்றாவது வழியும் இல்லாமற் போகலாம். கடன் வாங்கினால் தங்கையின் படிப்பு நின்றுவிடும் என்பதே வீட்டின் உண்மை நிலையாகவும் இருக்கலாம். கல்விக் கடனுக்குப் படிப்பு முடியும்வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், பொதுவாக வட்டி அந்நாட்களிலும் ஏறிக்கொண்டே இருக்கும். இத்தகைய நிலையில் குறுகிய படிப்பை ஏற்பதே அறம். ஆனால் எப்படி ஏற்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

‘உங்களுக்காகத்தான் என் வாழ்வை விட்டேன்’ என்று பின்னாளில் தாயிடமும் தங்கையிடமும் சொல்லிக் காட்டுபவன் தியாகம் செய்தவன் அல்லன், கடன் கொடுத்தவன். வாழ்நாள் முழுவதும் அதற்கு வட்டி வசூலிப்பான். உண்மையான தியாகத்திற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது.

பெற்றோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. வீட்டின் வரவு செலவைப் பிள்ளையிடம் மறைத்து, ‘நீ விரும்பியதைப் படி’ என்று சொல்வது அன்பு போலத் தோன்றும். ஆனால் உண்மையறியாத தேர்வு தேர்வாகாது. அதுபோலவே, பிள்ளையின் ஈடுபாட்டை அறிந்தும் ஊராரின் பேச்சுக்கு அஞ்சி அதை அடக்குவதும் நியாயமாகாது. தாயும் மகனும் தங்கையும் ஒன்றாக அமர்ந்து, எதையும் மறைக்காமல் பேசும் ஒரு மாலைப்பொழுது பத்து ஆலோசகர்களைவிட மேலானது.

அப்படிப் பேசிய பின், கடனைத் தாங்க முடியும் என்று மூவரும் தெளிந்தால் மகன் தயங்காமல் பொறியியல் படிக்கச் செல்லட்டும். தாய் தைத்த ஒவ்வொரு துணியும் தன் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் என்பதை அவன் மறவாதிருக்கட்டும். முடியாது என்று தெளிந்தால், மலர்ந்த முகத்துடன் அருகிலுள்ள கல்லூரிக்குச் செல்லட்டும். மாலையில் வீடு திரும்பியதும் திருப்புளியைக் கீழே வைக்காதிருக்கட்டும். கல்லூரி நான்கு ஆண்டுகளில் தரக்கூடியது பட்டம். அந்தக் கைகளின் ஆர்வத்தைக் காப்பதோ அழிய விடுவதோ அவன் ஒருவனின் பொறுப்பு.