விருந்தினரா, பயணியரா?

திருத்தூதர் பணிகள் நூலின் இருபது, இருபத்தொன்றாம் அதிகாரங்களை நாம் பெரும்பாலும் மிலேத்துத் துறைமுகத்தில் நடந்த கண்ணீர்ப் பிரியாவிடைக்காகவே வாசிக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் வரும் ஊர்ப்பெயர்களை நம் கண்கள் தாண்டிச் சென்றுவிடுகின்றன. மித்திலேன், கீயு, சாமு, கோசு, ரோது எனத் தொடரும் அப்பெயர்கள், ஏகேயக் கடலில் தீவு தீவாகத் தொட்டுச் சென்ற ஒரு கப்பலின் வழித்தடம். பெந்தக்கோஸ்து நாளுக்குள் எருசலேம் சேர்ந்துவிட வேண்டும் என்ற விரைவு பவுலடியாருக்கு. எனவே அத்தீவுகளில் அவர் யாரைக் கண்டார், யாரோடு உண்டார் என லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. தொட்டார்கள், புறப்பட்டார்கள், அவ்வளவே. திருத்தூதர்களின் கால் பட்டதாலேயே ஓரிடத்தின் கதவு திறந்துவிடுவதில்லை போலும்.

இன்று அதே நீர்ப்பரப்பில் விடுமுறைக் கப்பல்கள் செல்கின்றன. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் மிதக்கும் மாளிகைகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது சிறு கலங்களை. துருக்கியின் தென்மேற்குக் கரையிலுள்ள போத்ரும், மார்மாரிஸ் துறைமுகங்களிலிருந்து ‘குலெத்’ எனப்படும் மரக்கலங்கள் புறப்படுகின்றன. இரண்டு பாய்மரங்கள், ஆறோ எட்டோ சிற்றறைகள், பதினைந்து பேர் அளவில் பயணிகள். பாய் இருந்தாலும் பெரும்பாலும் இயந்திரத்தால்தான் ஓடும்! கலத்தை முழுவதுமாக அமர்த்தாமல் ஓர் அறைக்கு மட்டும் பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம் என்பதால் நடுத்தரக் குடும்பத்தாருக்கும் இது எட்டுகிறது. போத்ருமின் எதிரே, கண்ணுக்கெட்டும் தொலைவில், பவுலடியாரின் கப்பல் ஓரிரவு தங்கிய அதே கோசு தீவு.

இப்பயணத்தின் வேர் ஒரு தண்டனையில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஜெவாத் ஷாகிர் என்னும் துருக்கிய எழுத்தாளர் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். படையை விட்டு ஓடியவர்களைப் பற்றி அவர் எழுதிய கதை அரசின் சினத்துக்கு ஆளாகி, 1925-இல் அவர் போத்ருமுக்கு நாடு கடத்தப்பட்டார். அன்று அது கடற்பஞ்சு எடுப்போர் வாழ்ந்த ஏழை ஊர். தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் அவர் அங்கேயே திரும்பி வந்து, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வாழ்ந்தார். மீனவரோடு கடலுக்குச் சென்றார். அவர்கள் வாழ்வை எழுதினார். ஊரெங்கும் மரங்களை நட்டார். அவ்வூரின் பழம்பெயரைச் சேர்த்து ‘ஹலிகார்னாஸ் மீனவர்’ என்றே தமக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டார். 1940-களில் எழுத்தாள நண்பர்களை அழைத்துக்கொண்டு, கடற்பஞ்சுப் படகுகளில் பாலாடைக்கட்டியும் காய்ந்த ரொட்டியும் தண்ணீருமாக அவர் கரையோரம் சுற்றிய பயணங்களே பின்னர் ‘நீலப் பயணம்’ என்று பெயர் பெற்றன. நண்பர்களுள் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் 1962-இல் அப்பெயரிலேயே நூல் எழுதினார். இன்றைய விளம்பரத் தாள்களில் அச்சொல் எஞ்சியிருக்கிறது; நாடு கடத்தப்பட்டவர் அந்த மண்ணைச் சொந்தமாக்கிக்கொண்ட கதைக்கு அங்கே இடமில்லை.

அண்மையில் நம்மிடம் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் மகன், தாய் தந்தையரை இத்தகைய கப்பலில் ஒரு வாரம் அழைத்துச் செல்ல விரும்புகிறான். “சாமி, கடன் வாங்கிப் படித்தவன். இப்போது எங்களுக்காகச் செலவழிக்கிறேன் என்கிறான். ஊரில் கூரையில்லாத வீடுகள் இருக்க, நாங்கள் தீவு தீவாகச் சுற்றுவது முறையா?” என்றார். அவருடைய மனைவி, “முப்பது ஆண்டுகளாக வேளாங்கண்ணியைத் தவிர வேறெங்கும் நாங்கள் போனதில்லை, சாமி” என்றார். இருவரும் சொன்னது உண்மையே.

ஓய்வும் பயணமும் பாவம் எனத் திருச்சபை எக்காலத்தும் கூறியதில்லை. ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் 1965-ஆம் ஆண்டு சங்க ஏடு, பயணம் மனிதரைப் பண்படுத்தி, ஒருவரையொருவர் அறியச் செய்கிறது எனப் பாராட்டவே செய்கிறது. மலிவான பயணம் பெருகியதால் கூட்டம் பெருகிவிட்டது எனப் புலம்புவோர் பலர், கூட்டம் வருமுன்னே போய்வந்த வசதி படைத்தோர்தாம். ஆசிரியரின் மனைவிக்குக் கடலைக் காண உரிமை இல்லையா என்ன? ஆனால் தீவாரின் பக்கமும் ஒரு வழக்கு உண்டு. சாந்தோரினித் தீவின் மக்கள்தொகை 15,000-க்குச் சற்று மேல். அங்கே கப்பலில் வருவோர் நாளொன்றுக்கு 8,000 பேருக்கு மேற்படலாகாது என வரம்பு வைக்கவேண்டியதாயிற்று. 2025 ஜூலை முதல், உச்சப் பருவத்தில் அங்கு இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் 20 யூரோ கட்டணம். வாசலில் வந்து நிற்பவரை எண்ணிக் கணக்கெடுக்கும் நிலைக்கு ஒரு வீடு வந்துவிட்டால், அங்கே விருந்தோம்பல் களைத்துப்போய்விட்டது என்றே பொருள்.

கிரேக்க மொழியில் ‘க்சேனோஸ்’ என்னும் ஒரே சொல் அந்நியரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும். நம் ‘விருந்து’ என்ற சொல்லுக்கும் புதுமை என்பதே முதற்பொருள், புதியவரே விருந்தினர். விருந்தோம்புவோருக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், விருந்துக்குச் செல்வோர்க்கென ஓர் அதிகாரம் வகுக்கவில்லை. வருபவர் எளியவர், தருபவரே கடமைப்பட்டவர் என்றிருந்த காலம் அது. இன்றோ வருபவர் கையில் பணம் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, திரும்பவேண்டிய மணியும் குறித்திருக்கிறது. ஆதலால் கடமை இடம் மாறிவிட்டது என நாம் கருதுகிறோம்.

அக்கடமை என்ன என்பதை மால்தாத் தீவில் காண்கிறோம். கப்பல் உடைந்து 276 பேர் கரை சேர்ந்தனர். மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்கு, வேற்றுமொழி பேசிய தீவார் தீ மூட்டினர். பவுலடியார் அப்போது வாளாவிருக்கவில்லை. தாமும் சுள்ளி பொறுக்கி வந்து நெருப்பில் இட்டார். பாம்பு கடித்த அற்புதத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். சுள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. மூன்று மாதம் தங்கினர், நோயுற்றோரைக் குணமாக்கினர். புறப்படுகையில் தீவார் வேண்டியவற்றையெல்லாம் கொடுத்தனுப்பினர். கோசுவிலும் ரோதுவிலும் இல்லாத ஏதோ ஒன்று இங்கே நிகழ்ந்தது. அதற்கு நாள்கள் தேவைப்பட்டன.

மலிவு என்ற சொல்லையும் சற்றுத் திருப்பிப் பார்க்கவேண்டும். 2013-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே கப்பற் பணியாளர் 24 மணி நேரத்தில் 14 மணி வரை உழைக்க இடந்தருகிறது. வாரத்துக்கு 72 மணி. சட்டத்தின் எல்லையே அவ்வளவு. கிளாஸ்கோவில் 1920-இல் தொடங்கிய ‘ஸ்டெல்லா மாரிஸ்’ பணியாளர்கள் துறைமுகந்தோறும் இவர்களைத் தேடிச் செல்வது சும்மாவா? நமக்குக் காலையில் தேநீர் ஊற்றும் பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுத்தான் என்று நாம் கேட்பதில்லை.

ஆசிரியரிடம் போகவேண்டாம் என நாம் சொல்லவில்லை. ஏழு நாளில் ஏழு தீவு என்றிருந்த திட்டத்தைக் காட்டினார். ஒரு தீவைத் தேர்ந்து நான்கு நாள் தங்கமுடியுமா எனக் கேளுங்கள் என்றோம்; பத்மு என்றால் இன்னும் நல்லது. அங்கே விமான நிலையம் கிடையாது. யோவான் நாடு கடத்தப்பட்டிருந்த குகையும், 1088-இல் நிறுவப்பட்ட துறவுமடமும் அங்குள்ளன. பகலில் வரும் பெரிய கப்பல்கள் போனபின் தீவு தன் மக்களிடம் திரும்பும். மாலைச் செபத்தில் அவர்களோடு நின்றுவிட்டு, அவர்கள் கடையில் உண்டுவிட்டு, கடைக்காரரின் பெயரைக் கேட்டு வாருங்கள் என்றோம். அவருடைய மனைவிக்கு அது பிடித்திருந்தது. ஆசிரியர் மட்டும், “ஏழுக்கும் மகன் பணம் கட்டிவிட்டானே, சாமி” என்றார்.