விரலும் காதும்

மனோதர்மத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பயிற்சியைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். ஜாஸ் பியானோ விஷயத்தில் இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். அந்தந்தக் கணத்தில் பிறப்பதுதான் ஜாஸ் என்றால், காலையில் நூறு தடவை உருட்டிய ஸ்வரக்கோவையை இரவு மேடையில் வாசிப்பது ஏமாற்றில்லையா? கேள்வி நியாயமானது. ஆனால் எல்லாப் பயிற்சியும் ஒரே ஜாதி என்று எடுத்துக்கொண்டு கேட்கப்படுகிறது.

1873-ல் ஹானான் என்ற பிரெஞ்சுக்காரர் 60 பயிற்சிகள் கொண்ட புத்தகமொன்றை வெளியிட்டார். ஐந்து விரல்களும் சம பலம் பெறவேண்டும் என்பது நோக்கம். முதல் இருபதும் ஸி ஸ்கேலில், வெள்ளைக் கட்டைகளிலேயே நகர்கின்றன. பழகினால் விரல் ஓடும், சந்தேகமில்லை. காது தூங்கலாம்; எதிரில் பத்திரிகையை விரித்துவைத்துப் படித்துக்கொண்டேகூடப் பழகலாம். ஜாஸ்காரர்களும் இதில் நேரம் செலவழிக்கிறார்கள். பிறகு மேடையில், கற்பனை தடைப்படும் நொடியில், விரல் தனக்குத் தெரிந்ததை எடுத்து நீட்டிவிடுகிறது. சபை கைதட்டும். அந்த இடத்தில் தான் இல்லை என்பது வாசித்தவனுக்கு மட்டும் தெரியும்.

ஒரு ஸ்வரக்கோவையை 12 சுருதிகளிலும் மாற்றி வாசிப்பது ஜாஸ் பழகுகிறவர்களின் தினப்படி வேலை. வெறும் கழுதைப் பாடு என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஸி-யில் வெள்ளைக் கட்டையில் விழுந்தது டி ஃப்ளாட்டில் கறுப்புக்குப் போய்விடும். கட்டைவிரல் அடியில் நுழையும் இடம் மாறும். கை கற்றது அங்கே செல்லாது. ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள தூரம் மட்டும் மாறாமல் நிற்கிறது. அதைக் காதுதான் பிடித்துவைக்க முடியும். விரலின் சொத்தைப் பிடுங்கிக் காதிடம் ஒப்படைக்கிற காரியம் இது. ‘பன்னிரண்டும் கைவந்த பிறகு பன்னிரண்டு பொய்கள் கைவசம்’ என்றார் ஒரு நண்பர். அதையும் மறுக்க முடியவில்லை.

பில் எவான்ஸ் (1929–1980), 1966-ல் வந்த ஒரு படத்தில், இசை ஆசிரியரான தன் அண்ணன் ஹாரியுடன் இதைப் பேசுகிறார். பழகுகிறவர்கள் முழு வாசிப்பின் சாயலை உத்தேசமாகக் கொண்டுவந்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். அதைவிட எளிமையான ஒன்றை முழு உண்மையோடு வாசிப்பது மேல் என்பது அவர் வாதம். பியானோவில் வாசித்தும் காட்டுகிறார். பிரச்னை தேர்ச்சியிலிருந்து நேர்மைக்கு நகர்ந்துவிடுகிறது. மெட்ரோனோமை மிக மெதுவாக வைத்து, இடது கையில் கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, வலது கையில் அடுத்த ஸ்வரம் மனசில் கேட்ட பிறகே கட்டையைத் தொடுவது. கேட்காவிட்டால் சும்மா இருப்பது. சும்மா இருப்பதுதான் கஷ்டம். வேகம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். (படிமத்தை உத்தேசமாகக் கொண்டுவந்துவிடுகிற நம் கவிஞர்கள் சிலர் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அது வேறு விவகாரம்.)

தெலோனியஸ் மங்க் (1917–1982) டெக்னிக் போதாதவர் என்று விமர்சகர்கள் எழுதியதுண்டு. விரல்களை நீட்டித் தட்டையாக வைத்துத்தான் வாசிப்பார். அந்தத் தயக்கங்களைக் கவனித்துக் கேட்டால், விரல் போக ஆசைப்படும் இடத்துக்கு அதை அவர் அனுப்ப மறுப்பது தெரியும். அவர் வீட்டில் பழகியதன் ஒலிப்பதிவு கிடைக்கிறது. ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொண்டு, நெடுநேரம், திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறார்.