போதும் என்பது யாருக்கு?

அறிவைத் தேடுவது கல்விக்கூடத்தின் தொழில். ஆதாயத்தைத் தேடுவது அங்காடியின் தொழில். செயற்கை நுண்ணறிவுத் துறையில் இன்று இவ்விரண்டும் கைகோத்து நிற்கின்றன. வணிகத்துக்காக முடிவெடுக்கும் பொறிகளை ஆராய்வதையே வாழ்நாட்பணியாகக் கொண்ட பேராசிரியர்க்கு உரிய அறம் யாது? நம் பிள்ளைகள் பலர் அப்பணியை நாடும் இந்நாளில், இது நம் இல்லத்து வினாவும் ஆகிறது.

இத்துறையின் முன்னோடி அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். நிருவாகத்தில் மாந்தர் முடிவெடுக்கும் முறையை ஆராய்ந்து 1947இல் நூல் வெளியிட்ட அவர், 1949இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். பின்னர் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோருடன் கூடி, தருக்கத் தேற்றங்களை நிறுவும் கணிப்பொறி நிரலை ஆக்கினார். 1975இல் டியூரிங் பரிசும், 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார்.

அவர் கண்ட உண்மை எளியது. எல்லா வழிகளையும் ஆராய்ந்து தலைசிறந்ததைத் தேர்வதற்கு மனிதனுக்குக் காலமும் இல்லை, அறிவும் போதாது. ஆகவே ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதனை எட்டும் வழி கிடைத்ததும் 'இது போதும்' என நின்றுவிடுகிறான். அயலூரில் வாடகை வீடு தேடிய நாம் அனைவரும் செய்தது இதுவே அன்றோ?

வீடு தேடுபவர் எல்லையைத் தாமே வகுக்கிறார். குறையிருப்பின் தாமே அனுபவிக்கிறார். கடன் விண்ணப்பங்களைப் பிரிக்கும் பொறியிலோ எல்லையை வகுப்பவர் ஒருவர். பிழையைச் சுமப்பவர் வேறொருவர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாயின் வங்கிக்குப் போதும் எனக் கொள்வோம். எஞ்சிய ஐவருள் ஒருவர், தகுதியிருந்தும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் மறுக்கப்பட்ட தந்தையாயின், அவருக்கு அது போதுமா?

பழைய கணக்குகளிலிருந்து பொறி தானே கற்கிறது என்பாரும் உளர். எக்கணக்கைக் கொடுப்பது, எத்துணைப் பிழையைப் பொறுப்பது என முடிவு செய்தவர் மனிதரே. மனித அலுவலரும் பிழை செய்யாரோ எனின், செய்வார். ஆயினும் அவர்முன் சென்று காரணம் கேட்கலாம்.

வணிகர் ஆதாயத்தை எண்ணுதல் இயல்பு. விண்ணப்பித்தவரோ ஆய்வுக்கூடத்தில் இடம் பெறாதவர். அவர் பொருட்டு அங்கே வினவ வேண்டியவர் பேராசிரியரே. கல்விக்கூடம் அங்காடியோடு சேர்வதில் குற்றமில்லை. இவ்வினாவை வாயிலிலேயே விட்டுச் செல்வதுதான் குற்றம். நம் பிள்ளைகள் இத்துறையில் பதவி பெறுங்கால், ஊதியம் எவ்வளவு என்று கேட்கும் நாம், 'போதும் என்னும் எல்லையை யாருக்காக வகுக்கிறாய்?' என்றும் கேட்போமாக.