மூன்று விழுக்காடு

கிணறு ஒருவருடையது; அதைத் தோண்டும் மேடை இன்னொருவருடையது; தோண்டிய துளையில் சிமெண்ட் இறக்கி அடைப்பவர் மூன்றாமவர். கிணறு வெடித்துக் கடல் பாழானால் கூலிக்கு வந்த அந்த மூன்றாமவரின் பொறுப்பு எவ்வளவு?

2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ மேடை தீப்பற்றி எரிந்தது. 11 தொழிலாளர் மாண்டனர். 87 நாட்கள் கடலடியிலிருந்து எண்ணெய் பீறிட்டது. கிணறு பி.பி. நிறுவனத்துக்கு உரியது, மேடை டிரான்ஸோஷனுடையது, சிமெண்ட் வேலை ஹாலிபர்ட்டனுடையது.

எண்ணெய்க் கசிவால் பாதிக்கப்பட்டோர் கேட்கும் நட்டஈட்டைச் சிமெண்ட் நிறுவனத்துக்காகக் கிணற்றுக்காரரே ஏற்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அது செல்லும் என்று 2012 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் நீதிபதி கார்ல் பார்பியர் தீர்ப்பளித்தார். தண்டனையாக விதிக்கும் தொகைக்கும் அரசின் அபராதத்துக்கும் மட்டும் செல்லாது என்றார். இதை நாம் அநியாயம் என்று சொல்லத் துணியமாட்டோம். எண்ணெயின் இலாபத்தில் பங்கில்லாதவன் கடல் முழுவதையும் துடைக்க வேண்டுமென்றால் அந்தத் தொழிலுக்கு எவன் வருவான்? ஆயினும் ஒப்புக்கொண்ட வேலை அமானிதம் ஆயிற்றே. நட்டஈட்டைக் கட்டும் கடமை வேறொருவர் கைக்குப் போகலாம். வேலையைச் செய்த கை அப்படியேதான் இருக்கிறது.

குழாயைத் துளையின் நடுவில் நிறுத்த 21 வளையங்கள் வேண்டுமென்று ஹாலிபர்ட்டன் சொல்லியிருந்தது. பி.பி. பொருத்தியதோ 6. வழக்கில் சிமெண்ட் நிறுவனத்துக்கு இதைவிட நல்ல கேடயம் ஏது? ஆனால் அதன் ஆட்களே கணினியில் சோதித்துப் பார்த்தபோது, ஆறுக்கும் இருபத்தொன்றுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. முடிவுகளை அழிக்கும்படி உள்ளிருந்தே உத்தரவு வந்தது, அழித்தார்கள். 2013இல் நிறுவனம் இக்குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 இலட்சம் டாலர் அபராதம் கட்டியது. சட்டம் அனுமதித்த உச்ச அளவே அவ்வளவுதானாம்! மறு ஆண்டு, தன்மீது வந்த நட்டஈட்டுக் கோரிக்கைகளில் பெரும்பகுதியைத் தீர்க்க 110 கோடி டாலர் தர இணங்கியது.

அதே 2014 செப்டம்பரில் நீதிபதி பழியைப் பங்கிட்டார்: பி.பி.க்கு 67 விழுக்காடு, டிரான்ஸோஷனுக்கு 30, ஹாலிபர்ட்டனுக்கு 3.

வழக்கை முடிக்க எண் தேவை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாண்ட பதினொருவரில் மூன்று விழுக்காடு ஓர் ஆளாகக்கூடத் தேறாது. சொத்தைப் பாகம் பிரிக்கையில் பங்காளிகள் கூடக்கூட ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துப் போகும். பழியும் அவ்வாறே சிறுத்துப் போகுமென்று நம்பினால், ஒவ்வொரு வேலைக்கும் இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளலாமே!

சோதனை முடிவுகளை அழித்த செயலோ இந்தப் பங்கீட்டிலேயே வராதது. எண்ணெய் இன்னும் கடலில் கலந்துகொண்டிருந்த மே, ஜூன் மாதங்களில், தீயும் அலையும் எட்டாத அலுவலக அறைகளில் நடந்தது அது. அதில் மற்ற இரு நிறுவனங்களுக்கும் பங்கில்லை.