தொட்டிலருகே பேசும் நாவு



பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறோம். ஸலாம் சொல்லி, தொட்டில் துணியை விலக்கிப் பார்த்ததும் நம் வாயில் வருவது என்ன? "மாப்பிள்ளை நல்ல சிவப்பாச்சே, இது யாரைக் கொண்டு பிறந்திருக்கு?" "எங்க வீட்டு ஜாடை ஒண்ணும் காணோமே." "குங்குமப்பூ சாப்பிடலையாம்மா?" சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். தையல் ஆறாத உடம்போடு இரவெல்லாம் விழித்திருந்து பாலூட்டும் அந்தப் பெண், அந்தச் சொல்லோடு தனியே கிடக்கிறாள்.

கேட்டால், "நான் என்ன பொய்யா சொன்னேன்? பிள்ளை கறுப்பாகத்தானே இருக்கு?" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். உண்மையாக இருந்தால் எதையும் சொல்லிவிடலாமா? ஒருவரிடம் இருக்கிற ஒன்றை அவர் வெறுக்கும்படி பேசுவதுதான் புறம் என்றும், இல்லாததைச் சொன்னால் அது அவதூறு என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை ஸஹீஹ் முஸ்லிமில் பார்க்கிறோம். உண்மையைச் சொன்னேன் என்பது அங்கே சாக்காகவே எடுபடவில்லை. முகத்துக்கு நேராகச் சொன்னால் புறம் ஆகாதே என்று சட்டம் பேசுவோரும் உண்டு. எழுந்து போகவும் முடியாதவளிடம் நேராகச் சொல்வது எந்த விதத்தில் அதைவிட மேல்?

ஃபஸாரா குலத்தைச் சேர்ந்த ஒரு கிராமவாசி நபியவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பு நிறத்தில் பிள்ளை பெற்றிருப்பதாகச் சொன்னார். சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஜாடைமாடையாகச் சொன்னார். நபியவர்கள் அந்தப் பெண்ணை அழைத்து விசாரிக்கவில்லை. உம்மிடம் ஒட்டகங்கள் உண்டா, அவற்றின் நிறம் என்ன என்று கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதும் உண்டா? உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது? பரம்பரையில் ஏதோ ஒன்று இழுத்திருக்கும் என்றார். இந்தப் பிள்ளையையும் அப்படியே இழுத்திருக்கலாம் என்று நபியவர்கள் முடித்துவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

கணவனுக்கே மூடப்பட்ட கதவு இது. மாமியாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் அதைத் திறக்கும் உரிமையை யார் கொடுத்தது? நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஒன்றிரண்டல்ல, பல என்று இன்று மருத்துவம் சொல்கிறது. பிறந்தபோது இருந்த நிறம் சில மாதங்களில் மாறும். பிரசவத்தில் அழுந்திய மூக்கும் சரியாகிவிடும். நாம் தீர்ப்புச் சொல்வதோ மூன்றாம் நாளே!

அப்படியானால் ஜாடையே பேசக்கூடாதா? பேசலாம். அபூபக்ர் (ரலி) அவர்கள் சிறுவர் ஹஸனைத் தோளில் தூக்கிக்கொண்டு, இவர் நபியின் சாயல், அலீயின் சாயல் இல்லை என்று சொன்னார்கள். பக்கத்திலிருந்த அலீ (ரலி) சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவர் சிரிக்கும் பேச்சு அது.

உஸாமா (ரலி) அவர்களைப் பற்றிய பேச்சு அப்படிப்பட்டதல்ல. தந்தை ஸைத் வெண்ணிறம், மகன் கருநிறம் என்று ஊர் குறை பேசியது. தாய் உம்மு ஐமன், நபியவர்களைச் சிறுவயதில் வளர்த்தவர். போர்வைக்கு வெளியே தெரிந்த இருவரின் பாதங்களையும் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று சாயல் அறியும் முஜஸ்ஸிஸ் சொன்னபோது, நபியவர்கள் முகம் மலர ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தார்கள். அந்தப் பேச்சு எவ்வளவு நாள் அவர்களை வருத்தியிருக்கும் என்று அந்த மகிழ்ச்சியே சொல்கிறது.

அந்த உஸாமா சிறுவராக இருந்தபோது, நபியவர்கள் அவரை ஒரு தொடையிலும் ஹஸனை மறு தொடையிலும் உட்கார வைப்பார்கள். ஒருவர் தம் சாயல். மற்றவர் ஊர் கேள்வி கேட்ட சாயல். இருவரையும் சேர்த்து அணைத்து, இவ்விருவர் மீதும் இரக்கம் காட்டும்படி அல்லாஹ்விடம் கேட்பார்கள்.